இருபது மில்லி செகண்ட்

மார்ச் 4

தம்பிக்கு,

நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு. ஆறு வருஷமாக விசாரிக்காத நலத்தை இன்னும் இரண்டு பத்தி கழித்து விசாரித்தால் குடி ஒன்றும் முழுகிவிடாது. இந்தக் கடிதம் எழுதுவது உன் அண்ணனுக்குத் தெரியாது. தெரிந்தால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும்.

அவர் இன்னும் அதே அச்சகத்தில்தான் இருக்கிறார். பார்வையில்லாத பிள்ளைகளுக்கான பாடப் புத்தகங்களில் பிழை திருத்துகிற வேலை, இருபத்து நாலாவது வருஷம். தோளில் அதே எண்பது எழுத்து பிரெயில் பலகை. கம்ப்யூட்டரில் இருக்கும் வரியை அது ஊசிமுனைப் புள்ளிகளாகத் தூக்கிக் கொடுக்கும், அவர் விரலால் தடவிப் படிப்பார். அவருக்கும் பார்வை இல்லை என்பதால், கண்ணால் பார்க்கிறவர்கள் கோட்டை விடுகிற பிழைகூட அவர் விரலில் மாட்டிவிடும். இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். தெரியாதது இனிமேல்.

அவர் ஆபீஸில் எல்லா கம்ப்யூட்டரையும் ஜூன் ஒன்றாம் தேதி புதிய சிஸ்டத்துக்கு மாற்றுகிறார்கள். சோதனைக்கு ஒன்றில் போட்டுப் பார்த்தார்கள். பலகையைச் செருகினால் 'ஒரு கருவி வந்திருக்கிறது' என்கிறது, அடுத்த வரியில் 'பதில் இல்லை, மைனஸ் 110' என்கிறது, அவ்வளவுதான். பலகை செய்த கம்பெனியை மூடி வருஷக்கணக்காகிறது. ஆபீஸ் கொடுக்கிற புதுப் பலகை இருபது எழுத்துதான். கணக்குப் புத்தகத்தில் ஒரு சமன்பாட்டை நாலு துண்டாகத் தடவி யாராவது பிழை பிடிக்க முடியுமா? முடியாவிட்டால் டெலிபோன் மேஜைக்குப் போகலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் வீட்டுக்கு வந்து, முடித்து அனுப்பிய பழைய புத்தகங்களைத் திறந்து வைத்து மறுபடி படிக்கிறார். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

ஆபீஸ் கம்ப்யூட்டர்காரர் 'இது கர்னல் சமாச்சாரம், நம்ம கையில இல்ல' என்று கையை விரித்துவிட்டார். அதிகாரபூர்வமாக வருவதைத் தவிர வெளியிலிருந்து எதையும் சேர்க்கவும் மாட்டார்களாம். கர்னல்காரர்களின் பொது மடல் குழுவுக்கு நானே எழுதினேன். நீல எழுத்து, மூலையில் ஒரு ரோஜாப்பூ எல்லாம் வைத்து அழகாகத்தான் அனுப்பினேன். 'வெறும் எழுத்தில் அனுப்பவும்' என்று ஓர் இயந்திரம் திருப்பி அடித்துவிட்டது. அந்தக் குழுவில்தான் நாளுக்குப் பத்து தடவை உன் பெயரைப் பார்த்தேன், இந்த மெயில் விலாசமும் அங்கே எடுத்ததுதான்.

நான் லிஃப்ட் மெக்கானிக். எனக்குத் தெரிந்தது கதவு, கயிறு, ரிலே. அதனால் முட்டாள்தனமாகவே கேட்கிறேன். கர்னல் என்றால் என்ன? அதை எங்கே திறந்து பார்ப்பது? தப்பாகக் கை வைத்தால் கம்ப்யூட்டர் செத்துப்போகுமா?

இனி நலம். நீ நன்றாக இருக்கிறாயா?

அண்ணி


மார்ச் 6

அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. நான் நன்றாக இருக்கிறேன்.

கர்னல் என்பது கம்ப்யூட்டரின் நடுவில் உட்கார்ந்திருக்கும் நிரல். நினைவகம், வட்டு, விசைப்பலகை என்று எதைத் தொட வேண்டுமானாலும் மற்ற நிரல்கள் அதனிடம்தான் கேட்க வேண்டும். அதற்குள் ஒவ்வொரு கருவிக்கும் அதை இயக்கத் தெரிந்த ஒரு துண்டு நிரல் இருக்கும், அதற்கு டிரைவர் என்று பெயர். உங்கள் பழுது அந்த டிரைவரில் இருக்கலாம்.

நீங்கள் இதில் கை வைக்க வேண்டாம். இது பழகவே வருஷங்கள் ஆகும். பலகையை எனக்குப் பார்சலில் அனுப்புங்கள். பத்து நாளில் பார்த்துத் திருப்பி அனுப்புகிறேன். யார் பார்த்தார்கள் என்று அங்கே சொல்ல வேண்டியதில்லை.

மற்றபடி வீட்டில் எல்லாரும் நலம்தானே.

தம்பி


மார்ச் 10

தம்பிக்கு,

'வீட்டில் எல்லாரும்' என்றால் இரண்டே பேர்தான். அதில் ஒருத்தி உனக்குக் கடிதம் எழுதுகிறாள். மீதி யாரைக் கேட்கிறாய் என்று எனக்குப் புரிகிறது. நலம்தான். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்.

பலகையை அனுப்ப முடியாது. காலை ஒன்பதிலிருந்து ஐந்து வரை அவர் விரல் அதில்தான். சாயங்காலம் ஆறரையிலிருந்து எட்டு வரை பக்கத்து வீட்டுப் பல் டாக்டரோடு நடக்கப் போவார். பலகை எனக்குக் கிடைப்பது அந்த ஒன்றரை மணி நேரம்தான். ஆகவே கை வைப்பது நான்தான். நீ வாய் வைத்தால் போதும்.

வைத்தும் விட்டேன். பழைய கம்ப்யூட்டர் ஒன்றை எடுத்து, கர்னலின் மூல நிரலை இறக்கி, ஒரு வலைப்பக்கம் சொன்னபடி வேண்டாததைக் கழித்து நானே ஒரு கர்னல் கட்டினேன். பதினோரு மணி நேரம் ஓடியது. மறுநாள் பெருமையாக ஆன் செய்தேன். திரை முழுக்க ஏதோ கொட்டிவிட்டு, கடைசியில் 'பீதி' என்று ஒரு வரி போட்டு அப்படியே நின்றுவிட்டது. எனக்கும் அதேதான். வட்டைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று சொல்கிறது. வட்டு உள்ளேதான் இருக்கிறது, நான் திறந்து பார்த்துவிட்டேன்.

எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவோம், மாற்றியதை மெஷின் ரூம் நோட்டில் மணி போட்டு எழுதுவோம். அந்த மாதிரி நோட்டு ஒன்று போட்டிருக்கிறேன். முதல் பக்கத்தில் 'பீதி' என்று எழுதியிருக்கிறேன். அடுத்து என்ன எழுத?

அண்ணி


மார்ச் 12

அண்ணி,

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்து மேஜைக்காரர் எட்டிப் பார்த்தார்.

நீங்கள் செய்தது நான் முதன்முதலில் செய்த அதே தப்பு. வேண்டாததைக் கழிக்கும்போது வட்டுக்கான டிரைவரையும் கழித்துவிட்டீர்கள். வட்டைப் படிக்கத் தெரிந்தால்தானே கர்னல் மற்றதையெல்லாம் அதிலிருந்து எடுக்க முடியும்? கம்ப்யூட்டர் சாகவில்லை. ஆன் ஆகும்போது வரும் பட்டியலில் பழைய கர்னலைத் தேர்ந்தெடுங்கள், எழுந்துவிடும். அந்தப் பழையதை மட்டும் எப்போதும் அழிக்காதீர்கள். அது இருக்கிறவரைக்கும் நீங்கள் எதை வேண்டுமானாலும் உடைக்கலாம்.

பழைய கர்னல் ஓடும்போது அது எதையெல்லாம் உபயோகிக்கிறதோ, அதை மட்டும் வைத்துக் கட்டச் சொல்லி ஒரு கட்டளை இருக்கிறது. கீழே எழுதியிருக்கிறேன். பதினோரு மணி நேரம் நாற்பது நிமிஷமாகிவிடும். பிறகு பலகையின் டிரைவர் கோப்பைத் திறந்து, சந்தேகம் வருகிற இடத்திலெல்லாம் 'இங்கே வந்தேன்' என்று ஒரு வரி அச்சடிக்க வையுங்கள். எந்த வரிக்குப் பிறகு பேச்சு நிற்கிறதோ, அங்கேதான் கோளாறு.

எங்கள் குழுவில் புதிதாக வருகிறவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் 'வேலை செய்யவில்லை, உதவுங்கள்' என்று ஒற்றை வரியில் இருக்கும். என்ன செய்தீர்கள், என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது என்று மூன்றையும் அவர்களிடம் பிடுங்குவதற்குள் எனக்கு உயிர் போய்விடும். நீங்கள் அதை முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தீர்கள். அதை அன்றே சொல்லியிருக்க வேண்டும். அன்று நான் வேறு எரிச்சலில் இருந்தேன்.

எந்த மாத்திரை?

தம்பி


மார்ச் 20

தம்பி,

வேலை செய்துவிட்டது! பிறகு நின்றுவிட்டது. வரிசையாகச் சொல்கிறேன், நீ கேட்ட மூன்றும் வரும்.

டிரைவரில் முப்பது இடத்தில் 'இங்கே வந்தேன்' போட்டேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எண்ணினேன், முப்பது. எங்கே நிற்கும் என்று எதிர்பார்த்து பலகையைச் செருகினேன். எங்கேயும் நிற்கவில்லை. முப்பதும் வந்தது, பலகை கடகடவென்று புள்ளிகளைத் தூக்கியது. சமையலறைக்கு ஓடிப்போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன், எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

உடனே எல்லா வரியையும் எடுத்தேன். மைனஸ் 110. மறுபடி போட்டேன். ஓடியது. பாதியை எடுத்தேன். ஒரு தடவை ஓடியது, ஒரு தடவை ஓடவில்லை. அந்த வரிகள் பேசுவதைத் தவிர ஒன்றும் செய்வதில்லை. பேசினால் ஓடுகிறது, வாயை மூடினால் படுத்துக்கொள்கிறது. ஒரு மனுஷி என்னதான் நினைப்பது?

இரண்டு நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். நேற்று ஒரு கட்டடத்தில் லிஃப்ட் கதவைச் சரிபார்த்தபோது ஒன்று தோன்றியது. சில கதவுகளில் பூட்டு விழுந்த பிறகும் ரிலே அமர ஒரு கணம் வேண்டும். அதற்கு முன்னால் மோட்டாருக்கு உத்தரவு போனால் லிஃப்ட் மறுத்துவிடும். அந்த முப்பது வரியும் வேறெதுவும் செய்யாமல் இருக்கலாம், ஆனால் பேசுவதற்கு நேரம் ஆகுமே? பலகைக்கு வேண்டியது அந்த நேரம்தானோ?

தப்பாக இருந்தால் சிரித்துவிட்டு விட்டுவிடு. லட்சக்கணக்கான வரிகளை எல்லாரும் சேர்ந்து எழுதி, அது ஓடவும் ஓடுகிறது என்பதை உள்ளே பார்த்த பிறகுதான் நீ என்ன வேலை செய்கிறாய் என்று எனக்குப் புரிந்தது. இத்தனை வருஷம் நீ சும்மா தட்டிக்கொண்டிருக்கிறாய் என்றுதான் நினைத்திருந்தேன்.

மாத்திரை பெயரைக் கீழே எழுதியிருக்கிறேன். காலையில் ஒன்று.

அண்ணி


மார்ச் 22

அண்ணி,

சிரிக்கவில்லை. உங்கள் கடிதத்தை அச்செடுத்து மேஜைக்கு எதிரில் ஒட்டியிருக்கிறேன். 'இதை எழுதினது எங்க அண்ணி, லிஃப்ட் மெக்கானிக், கர்னலைத் தொட்டு ரெண்டு வாரம்தான் ஆச்சு' என்று ஆபீஸில் தம்பட்டம் அடித்துவிட்டேன். பழுது தேடப் போனால் பழுது ஒளிந்துகொள்வதும், அதற்குக் காரணம் நேரம் என்பதும் எனக்குப் புரிய மூன்று வருஷம் ஆனது. நிஜமாகவே மூன்று வருஷம்.

நீங்கள் சொன்னது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் இப்போதே எங்காவது ஒரு காத்திருப்பைச் செருகி விடாதீர்கள். பழைய சிஸ்டத்தில் இது ஓடியது. இடையில் யாரோ எதையோ மாற்றியிருக்கிறார்கள். எதை, ஏன் என்று தெரியாமல் மருந்து போட்டால் இன்னொருவர் கருவி கெடும். அதைத் தேட ஒரு வழி இருக்கிறது.

பழைய கர்னலுக்கும் புதியதற்கும் நடுவில் ஏறக்குறைய ஐந்து லட்சம் மாற்றங்கள். பயப்படாதீர்கள். சரியாக நடுவில் இருப்பதைக் கட்டிப் பாருங்கள். பலகை ஓடினால் பழுது அதற்குப் பின்னால், ஓடாவிட்டால் முன்னால். மிச்சத்தை மறுபடி பாதியாக்குங்கள். பத்தொன்பது தடவை பாதியாக்கினால் ஒரே ஒரு மாற்றம் மிஞ்சும். அதில் யார், எப்போது, எதற்காக என்று எழுதியிருக்கும்.

அண்ணன் இன்னும் நடக்கும்போது பாடுகிறாரா? பதில் எழுத வேண்டும் என்றில்லை.

தம்பி


ஏப்ரல் 3

தம்பி,

பாடுகிறார். பல் டாக்டர் பாவம்.

பாதி பாதியாகத் தேடுவதை எனக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. லிஃப்டின் பாதுகாப்புச் சுற்றில் முப்பது நாற்பது தொடுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும். ஒன்று திறந்திருந்தாலும் லிஃப்ட் நகராது. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தால் பதினெட்டு மாடிக்காரர்களும் கீழே நின்று என்னைத் திட்டுவார்கள். நடுவில் மீட்டரை வைப்போம், பிறகு அதில் பாதி. இருபது வருஷமாக நான் செய்கிற வேலைக்கு நீ கம்ப்யூட்டரில் ஒரு கட்டளை வைத்திருக்கிறாய் என்று தெரிந்ததும் எனக்குக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது.

அந்தக் கர்வம்தான் கெடுத்தது. எட்டாவது தடவையில் 'ஓடவில்லை' என்று குறித்தேன். அதற்குப் பிறகு கட்டியதெல்லாம் ஓடியது. அடுத்தடுத்து ஆறு. ஒன்றில்கூட மைனஸ் 110 வரவில்லை. நோட்டைப் புரட்டினால் எட்டாவது தடவையில் 'கருவி வந்திருக்கிறது' என்ற முதல் வரியையே நான் எழுதவில்லை. அதாவது கர்னல் பலகையைப் பார்க்கவே இல்லை. அன்று வயர் சரியாகச் செருகவில்லை, அவ்வளவுதான். ஒரு தப்பான பதிலால் ஒரு வாரம் வெட்டியாகப் போயிற்று. இப்போது ஏழாவதிலிருந்து மறுபடி போகிறேன். இனி ஒவ்வொன்றையும் மூன்று தடவை செருகிப் பார்த்துத்தான் குறிப்பேன்.

நேற்று அவர் நடந்துவிட்டு வந்து பலகையைத் தொட்டுவிட்டு, 'இதென்ன, சூடா இருக்கு?' என்றார். 'வெயில்ல வெச்சிருந்தேன்' என்றேன். 'எட்டு மணிக்கு ஏதுடி வெயில்?' என்று கேட்டார். நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் சொன்ன மகா மட்டமான பொய் அதுதான்.

ஜூன் ஒன்றுக்கு இன்னும் எட்டு வாரம். போதுமா?

அண்ணி


ஏப்ரல் 5

அண்ணி,

போதும். அந்த நோட்டு இல்லாவிட்டால் போதாமல் போயிருக்கும். எங்களில் பாதிப் பேர் இப்படி வழி தவறினால் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். நான் அப்படித்தான். அண்ணன் என்னை அவசரக்குடுக்கை என்று கூப்பிடுவது உங்களுக்கு நினைவிருக்கும்.

கிடைத்ததும் முதலில் எனக்கு எழுதுங்கள். அந்த மாற்றத்தைச் செய்தவர் யாராக இருந்தாலும் நான் பேசிக்கொள்கிறேன். யோசிக்காமல் கை வைத்த ஆளை நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று எனக்கே ஆத்திரமாக இருக்கிறது.

தம்பி


ஏப்ரல் 16

தம்பி,

முந்தாநாளே முடிந்துவிட்டது. ஒரே ஒரு மாற்றம் மிஞ்சியது. மூன்று தடவை சரிபார்த்தேன். அதை எடுத்தால் பலகை ஓடுகிறது, போட்டால் நிற்கிறது.

மொத்தம் ஒரு வரிதான் நீக்கியிருக்கிறார்கள். பலகையிலிருக்கும் மின்னணுச் சில்லை எழுப்பிவிட்ட பிறகு இருபது மில்லி செகண்ட் காத்திருக்கும் வரி. காரணம் இப்படி எழுதியிருக்கிறது: 'இந்தக் காத்திருப்பு வீண். இது தேவைப்படும் கருவியை இப்போது யாரும் பயன்படுத்துவதாகத் தெரியவில்லை.'

அதன் கீழே உன் பெயர்.

தேதியைப் பார்த்தேன். நீ எங்கள் வீட்டிலிருந்து சாப்பிடாமல் எழுந்து போனாயே, அதிலிருந்து ஒன்பதாம் நாள். பேசும் போன் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து, 'இந்தப் பலகையை எல்லாம் இனிமே யாரும் வெச்சுக்கறதில்லண்ணா, தூக்கிப் போடு' என்றாய். பேசுகிற போன் ஒரு சொல்லைச் சரியாக உச்சரித்துவிட்டால் அதில் இருக்கும் பிழை காதுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும் என்று அவர் சொன்னார். நீ காதில் வாங்கவில்லை. 'என் வேலை என்னன்னு உனக்குத் தெரியாதுன்னா இந்த வீட்டுப் பக்கம் வராத' என்று அவர் சொல்லிவிட்டார். அதுவும் அதிகம்தான். ஆனால் நீ போய் இதைச் செய்திருக்கிறாய்.

தெரிந்து செய்தாயா? அதை மட்டும் சொல். இரண்டு நாளாக அழுகையும் கோபமும் மாறி மாறி வருகிறது. இந்த ஆறு வாரமாக உன்னை எவ்வளவு உயரத்தில் வைத்திருந்தேன் என்று உனக்குத் தெரியாது.

அண்ணி


ஏப்ரல் 21

அண்ணி,

நாலு தடவை எழுதி அழித்தேன்.

தெரிந்து செய்யவில்லை என்று எழுதினால் அது முக்கால் உண்மை. அன்று வீட்டிலிருந்து வந்த கோபத்தில் பழைய டிரைவர்களாகத் தேடிப் பிடித்துச் சுத்தம் செய்தேன். இருபதுக்கு மேல். இதுவும் அதில் ஒன்று. அண்ணன் பலகைக்குள் இந்தச் சில்லு இருக்கிறது என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

மிச்சம் கால் பங்கு இது. ஒன்றை நீக்குவதற்கு முன் அதை உபயோகிப்பவர் யாராவது இருக்கிறார்களா என்று விசாரிக்க வேண்டும் என்பது எங்கள் முறை. இந்த மாதிரிப் பலகை வைத்திருப்பவர் என்று எனக்குத் தெரிந்த ஒரே ஆள் அண்ணன்தான். உள்ளே என்ன சில்லு என்று அவரிடம் கேட்க ஒரு போன் போதும். அந்தப் போனைப் போட எனக்கு மனசு வரவில்லை. 'யாரும் பயன்படுத்துவதாகத் தெரியவில்லை' என்று எழுதிவிட்டேன். சோதித்துப் பார்க்கவும் இல்லை. ஆறு வருஷம் அது எத்தனை பேர் விரலை நிறுத்தியதோ, எனக்குத் தெரியாது. எனக்கு வெட்கமாக இருக்கிறது, அண்ணி.

இப்போது செய்ய வேண்டியது. அந்த வரியை நீங்கள் திருப்பி வையுங்கள். ஏன் வைக்கிறீர்கள் என்று உங்கள் வார்த்தையில் எழுதுங்கள். முடிவில் 'இன்ன மாற்றத்தால் வந்த பழுதை இது சரிசெய்கிறது' என்று என் மாற்றத்தின் எண்ணைப் போட்டு ஒரு வரி வரும். அதன் கீழே எழுதியவர் என்று உங்கள் பெயர். கண்டுபிடித்தது நீங்கள். நான் அதில் எங்கேயும் வர மாட்டேன், பழுதைச் செய்தவனாகத் தவிர.

தம்பி


ஏப்ரல் 24

தம்பி,

எழுதிவிட்டேன். வெறும் எழுத்து, ரோஜாப்பூ இல்லை. இத்துடன் இருக்கிறது, பார்.

'இன்ன மாற்றத்தால்' என்கிற வரியை மட்டும் விட்டுவிட்டேன். வேண்டுமென்றேதான். அந்தக் குழுவில் ஆயிரக்கணக்கான பேர் படிக்கிறார்கள். நீ அங்கே பெரிய ஆள் என்று இப்போது எனக்குத் தெரியும். உன் தலையை நான் எதற்கு அங்கே குனிய வைக்க வேண்டும்? நீ மறைக்காமல் எழுதினாய். எனக்கு அது போதும். மறைத்திருந்தால் நான் கண்டுபிடித்திருக்க முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது. அவர் எதையும் விரலால் தடவிப் பார்க்காமல் விட மாட்டார். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு போனால் உன் பெயரில் போய் நிற்பார். பலகை பிழைத்த அன்றே உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் மிச்சமிருக்கிறதும் போய்விடும். அதை என் கையால் செய்ய மாட்டேன்.

அண்ணி


ஏப்ரல் 25

அண்ணி,

அந்த வரி இல்லாமல் வந்தால் நானே குழுவில் எழுந்து நின்று திருப்பி அனுப்பச் சொல்வேன்.

அது என்னைத் திட்டுகிற வரி இல்லை. எந்தெந்த கர்னலில் என் தப்பு இருக்கிறதோ, அதிலெல்லாம் மருந்து போக வேண்டும் என்பதற்கான விலாசம். அண்ணன் ஆபீஸில் போடப்போவது நேற்றைய கர்னல் இல்லை, இரண்டு வருஷம் முந்தைய நிலையான கர்னல். வெளியிலிருந்து வருகிற எதையும் அவர்கள் சேர்க்க மாட்டார்கள் என்று நீங்களே எழுதினீர்கள். அதிகாரபூர்வமாகப் பழைய கர்னலுக்குள் திருத்தம் போய்ச் சேர, அதைக் கவனிப்பவர்கள் முதலில் பார்ப்பது அந்த வரியைத்தான். அதை விட்டால் உங்கள் திருத்தம் புதியதில் மட்டும் இருக்கும். ஜூன் ஒன்றாம் தேதி அவர் டெலிபோன் மேஜையில் இருப்பார்.

அங்கே எல்லார் பெயரும் அந்த வரிகளில் வந்திருக்கிறது. யாரும் யாரையும் பார்த்துச் சிரிப்பதில்லை. அண்ணன் விஷயம் வேறு, எனக்குத் தெரியும். அவருக்கு ஒளித்து அவர் வேலையைக் காப்பாற்ற முடியாது என்றால், ஒளிக்க வேண்டாம். என்ன வந்தாலும் நான் வாங்கிக்கொள்கிறேன்.

மற்றபடி நீங்கள் எழுதியதில் ஒரு சொல் மாற்ற வேண்டியதில்லை. 'இந்தப் பலகையை ஒருவர் தினமும் எட்டு மணி நேரம் பயன்படுத்துகிறார்' என்ற வரியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

தம்பி


மே 21

தம்பி,

குழுவில் நடந்ததை நீயும் பார்த்திருப்பாய். முதல் தடவை வரியின் தொடக்கத்தில் விட்ட இடைவெளி சரியில்லை என்று திருப்பினார்கள். இரண்டாவது தடவை, இருபது என்பதை எங்கிருந்து எடுத்தேன் என்று அந்தப் பகுதியின் தலைவர் கேட்டார். பதினைந்து மில்லி செகண்டில் பத்துக்கு மூன்று தடவை தவறியது, இருபதில் நூறு தடவை செருகியும் தவறவில்லை என்று நோட்டிலிருந்து எடுத்து எழுதினேன். 'இப்படி ஒரு அறிக்கை வந்து வெகு நாளாயிற்று' என்று பதில் போட்டுச் சேர்த்துக்கொண்டார். அதை ஏழு தடவை படித்தேன். லிஃப்டில் மாட்டிக்கொண்ட மந்திரியை இறக்கிவிட்ட அன்றுகூட எனக்கு இப்படி இருந்ததில்லை.

நேற்று அந்தத் திருத்தம் நிலையான கர்னலிலும் வந்துவிட்டது. ஆபீஸ் கம்ப்யூட்டர்காரர் சோதனைக் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டு, உன் அண்ணனைக் கூப்பிட்டு 'செருகிப் பாருங்க சார்' என்றிருக்கிறார். எண்பது எழுத்தும் எழுந்துவிட்டது. 'யார் செஞ்சது?' என்று கேட்டிருக்கிறார். கம்ப்யூட்டர்காரர் திருத்தத்தையே எடுத்துப் பலகையில் விட்டுவிட்டார். உன் அண்ணன் என் பெயரைப் படித்தாராம். பிறகு அந்த எண்ணைக் கேட்டு, அதையும் திறக்கச் சொன்னாராம். உன் பெயரைப் படித்துவிட்டு விரலை எடுத்துவிட்டார், பிறகு வெகு நேரம் பலகையைத் தொடவே இல்லை என்று கம்ப்யூட்டர்காரர் போன் செய்து சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் என்னிடம், 'எத்தனை நாளா?' என்றார். மார்ச்சிலிருந்து என்றேன். 'உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது?' என்றார். சொன்னேன். எல்லாவற்றையும் சொல்லி, உன் கடிதங்களையும் படித்துக் காட்டினேன். முக்காலும் காலும் உட்பட. அதற்கு உன்னிடம் அனுமதி கேட்கவில்லை. அவர் என் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

இன்று நடக்கப் போகவில்லை. சட்டையை மாற்றிக்கொண்டு வந்து, உன் நம்பரைச் சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டு நான் மாடிக்கு வந்து இதை எழுதுகிறேன். கீழே அவர் குரல் கேட்கிறது. என்ன பேசுகிறார் என்று கேட்கவில்லை. திட்டினால் வாங்கிக்கொள் தம்பி. உடனே எழுது, எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அண்ணி


மே 21

அண்ணி,

இப்போதுதான் போனை வைத்தேன்.

அண்ணன் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான் 'அண்ணா' என்றேன். அவரே உங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். நூறு தடவை செருகியதைப் பற்றி, நோட்டைப் பற்றி, வெயில் பொய்யைப் பற்றி எல்லாம். 'என் பொண்டாட்டிக்கு இருக்கற மூளை நம்ம ரெண்டு பேருக்கும் சேர்த்து இல்லடா' என்றார். ஆமாம் என்றேன். அதில் எங்களுக்குள் சண்டையே இல்லை.

மன்னித்துக்கொள் என்று நான் ஆரம்பித்தேன். 'அதெல்லாம் படிச்சுட்டேன், நிறுத்து' என்றார். 'உன்னை வராதன்னு சொன்ன வாயும் இதுதான்' என்றும் சொன்னார்.

அப்புறம் கேட்டார்: 'இருபது மில்லி செகண்ட் உன்னால பொறுக்க முடியல. ஆறு வருஷம் எப்படிடா பொறுத்த?'

எனக்கு அழுகை வந்துவிட்டது, அண்ணி. நான் அழுது முடிக்கிறவரைக்கும் அவர் போனை வைக்காமல் காத்திருந்தார்.

தம்பி